உணர்வு மழுங்கலும் இருவினையொப்பும்

வடதிருமுல்லைவாயில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவிலுள்ளது. கண்ணிழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் ஆண்டு வந்து துயர் களையுமாறு பாடினர். துயருணரும் நெஞ்சைக் களையுமாறு வேண்டினரல்லர்.

மனச்சோர்வுக்கு மருந்துண்போரில் 100க்கு 46 பேர் தம் உணர்ச்சிகள் மழுங்கினவென உரைத்ததாக 2017இல் ஓராய்வு வெளிவந்தது. துயரோடு மகிழ்ச்சியும் ஒடுங்கும் இந்நிலையை இருவினையொப்பெனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. இருவினையொப்பாவது, நல்வினை தீவினைப் பயன்களை நுகர்ந்தும் அவற்றின்கண் விருப்பு வெறுப்பின்றி நிற்றல். ஆண்டு இறைவன்மாட்டு அன்பு மிகும். மழுங்கலோ, இச்சாஞானக்கிரியைகள் விளங்காத கேவலத்தின் சாயலுடையது.

ஆயினும் மருந்தை இகழற்க. எழமாட்டாது கிடந்தாரை எழுப்பியதும் அதுவே. சந்நிதியில் நின்றும் கண்ணீர் வாராதென வருந்துவார், அன்பு அற்றதென அஞ்சற்க. அவ்வருத்தமே அன்பு உளதென்பதற்குச் சான்று. மருந்தைத் தாமே நிறுத்தாது மருத்துவர்க்கு உரைப்பின், அவர் அளவைக் குறைத்தலோ வேறு மருந்து தருதலோ செய்வர்.