மூன்றாவது பிளக்

எங்கள் வேனின் மூன்றாவது பிளக் உட்கார்ந்திருக்கும் துளையை நான் இதுவரை பார்த்ததில்லை. தொட்டிருக்கிறேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் இங்கே யோசிக்க முயல்கிறேன். இதை ஓர் அறப் பிரச்னையாக எடுத்துக்கொள்வது சில நண்பர்களுக்கு வேடிக்கையாகப் படலாம். நம் அறவிசாரங்கள் பெரும்பாலும் தியாகம், துரோகம், கொலை என்ற பெரிய சொற்களில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. பத்து விரல்களால் செய்யும் ஒரு சின்னக் காரியத்திலிருந்து தொடங்கிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வேன், மாருதி ஆம்னி. 1984-ல் சாலைக்கு வந்து 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சீர்வரிசைத் தட்டுகளையும் விதைநெல் மூட்டைகளையும் மாற்றி மாற்றிச் சுமந்தது. அதற்கு முந்திய தலைமுறை அம்பாஸடரில் பானெட்டைத் தூக்கினால் நான்கு பிளக்குகளும் இஞ்சினின் ஒரு பக்கத்தில் வரிசையாக நிற்கும். ஸ்கூல் பையன்கூடக் கழற்றிவிடுவான். அது தன்னைக் காட்டிக்கொள்கிற யந்திரம். ஆம்னி அப்படியல்ல. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இஞ்சினை முன் ஸீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, அவ்வளவு இடத்தையும் ஆட்களுக்கும் சாமானுக்கும் விட்டுக்கொடுத்தார்கள். மிச்சம் பிடித்த இடத்துக்கான விலையை என்றோ ஒரு நாள் பழுதுபார்ப்பவனின் புறங்கை கொடுக்கிறது.

ஒரு பிளக்கின் வேலை எளிமையானது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைப் பொறி தாண்ட வேண்டும். இஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் வினாடிக்கு 25 தடவை இதைச் செய்கிறது. மூன்றில் ஒன்று சோம்பினால் வண்டி நிற்காது. உதறும், மேட்டில் இழுக்காது. மெக்கானிக்குகள் இதற்கு ‘மிஸ்ஸிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வண்டி மிஸ்ஸிங் அடித்தபோது ஒரு ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன். மூன்று பிளக்குக்குப் பில் வந்தது, பணம் கொடுத்தேன். உதறல் குறைந்தது, ஆனால் போகவில்லை. சில மாதம் கழித்து, ஆடி பிறந்த சமயம், நானே ஸீட்டைத் தூக்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கைக்கு எட்டிய இரண்டும் புதிது. மூன்றாவதைக் கண்ணாடியில் பிரதிபலிக்கவைத்து, டார்ச் அடித்து, அதன் நுனியை மட்டும் பார்க்க முடிந்தது. வெள்ளைப் பீங்கான் தவிட்டு நிறமாகியிருந்தது. அது பழைய பிளக்.

கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு சுகமும் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏமாற்றப்பட்டவனுக்குத் தன் ஒழுக்கத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அன்றைக்கு ஷெட் வாசலில் நின்றுகொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, “இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?” என்று மூன்று தடவை கேட்டவன் நான்தான். அது பொய்யை நியாயப்படுத்தாது. பொய்க்கு ஓர் இடம் செய்து கொடுத்தது.

நானே மாற்றுவது என்று மூன்று புதுப் பிளக் வாங்கி வந்தேன். இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, துளைக்குள் மண் விழாமலிருக்க சைக்கிள் பம்பால் ஊதிவிட்டு, முதல் இரண்டையும் அரைமணியில் முடித்தேன். மூன்றாவதில் பாக்ஸ் ஸ்பானர் சாய்ந்தது. எக்ஸ்டென்ஷன் ராடு போட்டால் தகடு இடித்தது. ராடு இல்லாமல் ஸ்பானருக்குக் கைப்பிடி திரும்ப இடமில்லை. விரல் கணுக்களில் தோல் போயிற்று. பொழுது சாய்ந்தது. ‘இரண்டு மாற்றியதிலேயே போதிய வித்தியாசம் தெரியும். பழையதும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது’ என்று நினைத்தேன். உள்ளேயிருந்து மனைவி, “என்னங்க, எல்லாம் மாத்தியாச்சா?” என்றாள்.

ஆச்சு என்ற சொல் வாய்க்கு வந்துவிட்டது. வெளியே வரவில்லை, அவ்வளவுதான். ஷெட்டுக்காரனுக்கும் எனக்கும் இடையில் அந்த நேரத்தில் இருந்த தூரம் உதட்டின் கனம்.

இங்கேதான் கேள்வி தொடங்குகிறது. யாரும் பார்க்க முடியாத இடத்தில் செய்யும் வேலைக்கு யார் சாட்சி? கடவுள் பார்க்கிறார் என்பது ஒரு விடை. மனசாட்சி பார்க்கிறது என்பது அதன் நாகரிக வடிவம். இரண்டிலும் ஒரு கண் வேண்டியிருக்கிறது. பார்வையாளன் இல்லாமல் அறம் நிற்காது என்கிற அவநம்பிக்கை இரண்டுக்கும் பொது. பலனைக் காட்டி விடை சொல்பவர்களும் உண்டு: மாற்றாவிட்டால் பெட்ரோல் வீணாகும், வண்டி கெடும். ஆனால் அந்தப் பழைய பிளக் இன்னும் ஒரு வருஷம் நன்றாகவே ஓடியிருந்தால்? அப்போது ‘ஆச்சு’ என்று சொன்னது சரியாகிவிடுமா? ஆகாது என்றே எனக்குப் படுகிறது. தவறு பிளக்கில் இல்லை. மாற்றாமல் விடுவது வெறும் மாற்றாமல் விடுவதுதான். இரண்டைச் செய்துவிட்டு ‘எல்லாம்’ என்று சொல்வதில் இருக்கிறது தவறு.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1010-ல் நிறைவுற்ற பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிய மேல்தளச் சுற்றில், நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களைச் சிவனே ஆடிக் காட்டுவதாகச் செதுக்கத் தொடங்கினார்கள். 81 முடிந்திருக்கிறது. மீதிக்கென வைத்த கற்கள் உளிபடாமல் நிற்கின்றன. பொதுஜனங்கள் ஏறிப்போகாத இடம் அது. ஒப்புக்கு நாலு கோடு இழுத்து 108 என்று கணக்கை முடித்திருந்தால் கீழேயிருந்து கும்பிடுகிறவனுக்குத் தெரியப்போவதில்லை. வேலை ஏன் நின்றது என்பதைப் பற்றிப் பல ஊகங்கள். எனக்கு அந்த வெற்றுக் கற்கள் முக்கியமாகத் தோன்றுகின்றன. செய்யாதது செய்யாததாகவே நிற்கிறது. செதுக்கிய 81-ஐ நாம் நம்புவதற்கு அவை ஆதாரமாகின்றன.

கண் ஒரு பொதுமைப்படுத்தும் புலன். இரண்டைப் பார்த்தால் மூன்றாவதைத் தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். டெல்டாவில் பிறந்தவனுக்கு இது புதிதல்ல. மேட்டூரின் 120 அடியும் ஜூன் 12-ம் செய்தியாகிவிடுகின்றன. மதகு திறந்து பூத்தூவிய படம் வந்ததும் தண்ணீர் விட்டாயிற்று என்ற வாக்கியம் பூர்த்தியாகிவிடுகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை வயலில் அந்த வாக்கியத்துக்கு இன்னும் வினைச்சொல் வந்து சேர்ந்திருக்காது. “வாய்க்காலப் பாக்கணும்னா தலைமடையில நிக்காத தம்பி. கடைசி வயலுக்குப் போ” என்பார் அப்பா. அவர் பாசனத்தைப் பற்றி மட்டும் சொன்னதாகவே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கை அப்படியல்ல. கைக்கு ‘எல்லாம்’ என்ற சொல் தெரியாது. தொட்டதை மட்டும் தொட்டதாக அறியும், ஒவ்வொன்றாகத்தான் எண்ணும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும், கண் மங்கிப்போன ஒரு பழைய மெக்கானிக். மறுநாள் காலை அவரிடம் போனேன். மருந்தடிக்கும் ஸ்பிரேயரிலிருந்து வெட்டிய ஒரு சாண் ரப்பர் குழாயைக் கொடுத்தார். இறுகியதை அசைக்க மட்டும் ஸ்பானர். பிறகு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, குழாயைப் பிளக்கின் பீங்கான் தலையில் செருகி, விரலால் உருட்டி வெளியே எடுக்க வேண்டும். புதியதைப் போடுவதும் அதே குழாயால்தான்.

“ஸ்பானரால போட்டா என்ன?”

“ஸ்பானருக்குப் பலம் ஜாஸ்தி சார். மரை கோணலா ஏறினாலும் ஏத்திப்புடும். ஹெட்டு அலுமினியம், போச்சுன்னா போச்சு. டியூபு அப்படி இல்ல. கோணலாப் போனா அதுவே வழுக்கிக்கும்.”

தவறான வழியில் தன்னால் போக முடியாத கருவி. பலக் குறைவே அதன் நேர்மை. விரலுக்கு மரை பிடித்த மாதிரி இருந்தது, குழாய் வழுக்கியது. பின்னால் திருப்பி, மறுபடி வைத்தேன். நான்காவது தடவை ஒரு மெல்லிய ‘க்ளுக்’. பிறகு சுற்று சுற்றாகத் தானே இறங்கியது. வாஷர் ஹெட்டைத் தொட்டதும் குழாய் நின்றது. கடைசியாக, ஸ்பானரைச் சாய்த்தும் நிமிர்த்தியும், சிறுகச் சிறுக அரைச் சுற்றுக்குச் சற்று மேல். “இன்னும் கொஞ்சம் திருப்பலாம்னு கை சொல்லும். அங்க நிறுத்திடுங்க” என்று அவர் சொல்லியிருந்தார். அந்த இடத்தை எந்தக் கண்ணும் காட்டியிருக்க முடியாது. அங்கே சாட்சி யாருமில்லை. பொருளின் எதிர்ப்பும் அதைக் கேட்கும் விரலும்தான் இருந்தன. நேர்மை என்பது யாரோ பார்க்கிறார்கள் என்ற பயமாக இல்லாமல், இப்படி ஒரு செவிசாய்ப்பாகவும் இருக்கலாம் என்று அன்று தோன்றியது.

முதல் நாள் மாலை மனைவிக்கு நான் சொன்ன பதிலை இன்னும் சொல்லவில்லை. “ரெண்டு ஆச்சு. ஒண்ணு பாக்கி” என்றேன். “சரி, கை கழுவிட்டு வாங்க” என்றாள். அவளுக்கு அதில் விசேஷம் எதுவும் தெரிந்திருக்காது.

உதறல் நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ஒரத்தநாடு தாண்டும்வரை வாய்க்கால்களில் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வயலை ஒட்டிய கன்னியில் இறங்கி அடிமண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.