சனிக்கிழமைச் சம்பளம்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது தையல்காரரின் உதவியாளாக, சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண்ணின் கையிலும் அன்று பணம் புரளும். காலை எட்டரைக்குத் தொடங்கும் ஷிப்ட், சரக்கு கப்பலேறும் நாள் நெருங்கினால் இரவு எட்டரை வரை நீண்டு ஒன்றரை ஷிப்ட் ஆகும். வீட்டு வாடகையும் தம்பியின் படிப்பும் அந்த வாரக் கணக்கில்தான் ஓடுகின்றன. இப்படியொரு வீட்டுக்குப் போய், உங்கள் பெண்ணின் காலில் பந்து நிற்கிறது, வேலைக்கு அனுப்பாதீர்கள், விளையாட விடுங்கள் என்று சொல்ல ஒரு பயிற்சியாளருக்கோ ஆசிரியருக்கோ உரிமை உண்டா?

சொல்பவர்கள் கையோடு ஒரு பெயரையும் கொண்டுபோவார்கள்: இந்துமதி கதிரேசன். 1994இல் கடலூரில் பிறந்தவர். இந்திய மகளிர் கால்பந்து அணியின் நடுக்கள வீராங்கனை. 2019இல் தெற்காசியக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். அதே ஆண்டில் இந்திய மகளிர் லீக்கை வென்ற மதுரையின் சேது எஃப்சியிலும் இருந்தார். 2023-24க்கான சிறந்த வீராங்கனை விருதை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்கே அளித்தது. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது, பயிற்சி நின்றுபோன அந்த மாதங்களில், காக்கி உடுப்பில் சென்னைச் சாலைகளில் வண்டிகளை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் இந்த உண்மையை எடுத்துவைக்கும் முறையில் ஒரு பிழை இருக்கிறது. கரையேறியவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவரோடு மாவட்ட அணியில் ஆடி, இருபது வயதில் மூட்டு போய், அதன்பின் தையல் பழகியவளின் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுத் தகப்பனிடம் முதல் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வருவது பாதி உண்மை. பணம் புரட்டவேண்டிய ஏழையிடம் சொல்லும் பாதி உண்மையின் கனம் மிகவும் அதிகம்.

இப்படிப் பாதி உண்மையைக் கேட்பது திருப்பூர் அடங்கிய கொங்கு மண்டலத்துக்குப் புதிய அனுபவமுமில்லை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகள் இளம்பெண்களின் மூன்றாண்டு உழைப்பை வாங்கின. முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது பேச்சு. உடம்புக்கு முடியாமலோ வேறு காரணத்தாலோ இடையில் கிளம்பியவர்களில் பலர் அந்தத் தொகையைப் பார்க்கவேயில்லை. இளமையை இன்று கொடு, விலையைப் பிறகு தருகிறேன் என்ற அந்த ஒப்பந்தத்தைச் சுரண்டல் என்று சொன்னோம், சரியாகவே சொன்னோம். கால்பந்தும் இளமையை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. பதினொரு வயதில் தொடங்கினால் மாநில அணிக்கு வரவே பல வருடம். வேலை கிடைக்கும் என்று சொல்வதெல்லாம் அதற்கும் அப்பால். அதைமட்டும் கனவு என்று அழைக்கிறோம்.

இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆலை விடுதியில் அடைபட்ட பெண் கடைசி நாளுக்காகக் காத்திருந்தாள். அவளுக்குக் கிடைப்பதெல்லாம் அந்த ஒரு நாளில்தான் இருந்தது. மைதானத்துக்கு வருகிறவளுக்கு அன்றன்றைக்கே ஏதோ கிடைத்துவிடுகிறது. இரண்டு பேருக்கு நடுவே பந்தைக் கடத்திக்கொண்டு ஓடும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். எதிர்பார்த்த வேலை வராமல் போனாலும் அந்த மாலைகளை யாரும் பிடித்தம் செய்ய முடியாது. ஏழைப் பெண்ணுக்கு முதலில் சோறு, ஆசையெல்லாம் பிறகு என்று அவளுக்காக முடிவெடுப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவளும் ஆசைப்படலாம். அந்த உரிமையைக் கூலியோடு சேர்த்துக் கழித்துவிடுவது கொடுமை.

ஆகவே விளையாடு என்று சொல்வதில் தவறில்லை. சொல்பவர் எதையும் இழக்காமல் சொல்வதுதான் தவறு.

செலவு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் விரல் போனால் அது வேலைக் காயம், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் ஈட்டுத்தொகைக்கு வழியுண்டு. மைதானத்தில் முழங்கால் தசைநார் அறுந்தால் — பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம் — அது வீட்டுக் கஷ்டம், அவ்வளவுதான். உச்சிக்கு ஏறியவர்களின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மகளிர் லீக்கின் முதல் பிரிவு அணிகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது ஒப்பந்தத்தில் தரவேண்டும் என்று கூட்டமைப்பு அறிவித்ததே 2023இல்தான். மாதத்துக்கு இருபத்தேழாயிரத்தைத் தொடாத தொகை. அரசுப் பணியில் விளையாட்டு ஒதுக்கீடு நல்ல ஏற்பாடு. ஆனால் அது பதக்கத்தைக் காட்டிய பிறகு திறக்கும் கதவு. பதக்கத்துக்கு முந்தைய எட்டு வருடத்தை அந்தத் தகப்பன் தனியாகச் சுமக்கிறார்.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் ஊர் திருப்பூர். உலகம் ஓடவும் ஆடவும் உடுத்தும் துணி இங்கே தைக்கப்படுகிறது. அந்தத் துணியைத் தைக்கும் வீட்டிலிருந்து ஒரு பெண் ஓட விரும்பினால், ஒன்றரை ஷிப்ட்டின் அந்த அரையை அவளுக்கு விட்டுத்தந்து, அதற்குரிய கூலியையும் சனிக்கிழமை கவரில் வைப்பது இவ்வூர் முதலாளிகளுக்கு முடியாத காரியமல்ல. மூட்டுக்கு ஒரு காப்பீடும் அப்படித்தான். அழைக்கப்போகும் பயிற்சியாளர் இவற்றில் ஒன்றையாவது யாரிடமாவது பேசி முடித்துவிட்டு அந்த வீட்டுப் படியேறட்டும். தகப்பன் முதலில் கேட்கப்போவது இந்துமதியைப் பற்றியல்ல, வருகிற சனிக்கிழமையைப் பற்றித்தான்.