இரண்டு கணக்குப் புத்தகங்கள்



ஒரே மனிதன் ஒரு வாசலில் நோயாளியாகவும், அடுத்த வாசலில் திடகாத்திரனாகவும் நிற்கக்கூடுமா? கூடும் என்று எண்ணிய சிலருடைய செய்தியை இந்த வாரம் உங்கள் சிந்தனைக்கு வைக்கிறோம். அது நடந்தது அமெரிக்க தேசத்தில். ஆயினும் அதன் பாடம் எல்லாத் தேசத்தாருக்கும் உரியது.

அந்நாட்டில் ஆகாய விமானம் ஓட்டுகிறவர்கள் குறித்த காலத்துக்கு ஒரு முறை வைத்தியப் பரிசோதனைக்கு உட்பட்டுத் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். பெரிய விமானங்களின் தலைமை விமானி 40 வயதைத் தாண்டினால், 6 மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. வைத்தியர் கண்ணைப் பார்ப்பார், காதைச் சோதிப்பார், இருதயத் துடிப்பைப் பதிவு செய்வார். ஆனால் இரவில் உறக்கம் உண்டா, மனம் கலங்குகிறதா, என்ன மருந்து உட்கொள்கிறான் என்பதெல்லாம் விமானி தானே சொன்னாலொழிய வைத்தியருக்குத் தெரியாது. ஆகவே அந்த விண்ணப்பத்தாளில் கேள்விகள் உண்டு. பொய் எழுதினால் 5 ஆண்டுச் சிறையும், 2,50,000 டாலர் வரை அபராதமும் வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

இவ்வளவும் இருந்தும் நடந்தது யாது? 2002-ம் ஆண்டில் தொடங்கிய ஒரு விசாரணையில், விமானிகளின் ஜாபிதாவையும், சமூகப் பாதுகாப்பு இலாகாவின் உதவித்தொகை ஜாபிதாவையும் அதிகாரிகள் ஒத்துப் பார்த்தார்கள். உடல் இயலாமைக்கென்று அரசாங்கப் பணம் பெறுகிறவர்களில் 3,000-க்கு மேற்பட்டோர், விமானம் ஓட்டத் தகுதியுள்ளவர்கள் என்ற சான்றிதழையும் வைத்திருக்கக் கண்டார்கள். 2005-ல் வட கலிபோர்னியாவில் சுமார் 40 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் மறைத்ததாகச் சொல்லப்பட்ட வியாதிகளில் இருதய நோயும் கடுமையான மனநோயும் இருந்தன. பிற்காலத்தில், முன்னாள் படைவீரர்களுக்குரிய இலாகாவின் கணக்கோடு ஒத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 4,800 விமானிகள்மீது சந்தேகம் எழுந்தது. இது 2023-ல் வெளியாயிற்று. அவர்களில் சுமார் 60 பேரை, விசாரணை முடியுமட்டும் விமானம் ஓட்டலாகாது என்று நிறுத்தி வைத்தார்கள்.

இங்கே அவசரப்பட்டு எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. இவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மெய்யாகவே கடும் நோயுள்ளவன். அவன் வாங்கும் உதவித்தொகை நியாயமானது. ஆனால் அவன் ஓட்டும் விமானம் அநியாயமானது. தன்னை நம்பி ஏறிய தாய்மார், குழந்தைகளின் உயிரை அவர்கள் அறியாமலே பணயம் வைக்கிறான். இது கொலையை விலக்குகிற ஐந்தாம் கட்டளைக்கு விரோதம்.

இரண்டாவது, சுகமாயிருந்தும் நோயென்று சொல்லிப் பணம் வாங்குகிறவன். உண்மையான நோயாளிக்குரிய பங்கை அவன் எடுத்துக்கொள்கிறான். இது களவை விலக்குகிற ஏழாம் கட்டளைக்கு விரோதம்.

மூன்றாவது வகை மிகவும் கவனிக்கத்தக்கது. படையில் பணி செய்து முழங்காலிலோ காதிலோ காயப்பட்ட ஒருவனுக்கு, அவன் வேலை செய்யத் தகுதியுள்ளவனாயிருந்தாலும், அந்தத் தேசத்தின் சட்டப்படி ஈட்டுத்தொகை உண்டு. அதை வாங்குவதில் குற்றமில்லை. உள்ளபடி எழுதியிருந்தால் பெரும்பாலும் சான்றிதழும் கிடைத்திருக்கும். ஆனாலும், வேலை போய்விடுமோ என்ற பயத்தால் மறைத்தவர்கள் உண்டு. நியாயமாய்க் கிடைத்த பணத்தின்மேல் அநியாயமான பொய்யை வைத்தார்கள்.

அப்போஸ்தலர் நடபடியில் வரும் அனனியா, சப்பீராள் என்ற தம்பதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நிலம் அவர்களுடையது, விற்ற பணமும் அவர்களுடையது. முழுவதையும் கொடுக்கும்படி ஒருவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பங்கை வைத்துக்கொண்டு, இவ்வளவுதான் என்று அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தார்களே, அதுதான் அவர்களுடைய குற்றம். அர்ச். இராயப்பர் அவர்களிடம் கண்டித்தது பணத்தை அல்ல, பொய்யை.

பொய்யின் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னொரு சம்பவம். 2015-ம் ஆண்டு மார்ச் 24-ம் தேதி, பார்சலோனாவிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்ட விமானம் ஒன்றைத் துணை விமானி பிரான்சு தேசத்து ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதச் செய்தான். 150 பேர் மாண்டார்கள். அவன் உதவித்தொகை வாங்கினவன் அல்ல. ஆனால் வேலை செய்யலாகாது என்று வைத்தியர் கொடுத்த சீட்டைத் தன் எசமானர்களிடம் காட்டாமல் மறைத்தவன். விசாரணை செய்தவர்கள் ஒரு காரியத்தைச் சுட்டிக்காட்டினார்கள்: நோயைச் சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்ற பயமே விமானிகளின் வாயை அடைக்கிறது, அந்தப் பயத்தைக் குறைக்க வழி தேட வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களே, இந்த இடத்தில்தான் உங்களுக்குப் பங்கு உண்டு. அனனியா தனியாகப் பொய் சொல்லவில்லை. மனைவியும் அறிந்தே இருந்தாள். மூன்று மணி நேரத்துக்குப் பின் அவளிடம் தனியாகக் கேட்கப்பட்டபோதும், உண்மை சொல்ல அவளுக்குச் சமயம் இருந்தது, சொல்லவில்லை. உழைக்கிறவன் தன் நோயை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி, வட்டியும் வீண் செலவும் ஊரார் பேச்சும் அவனை நெருக்கினால், அவன் பொய்யில் வீட்டாருக்கும் பங்கு வராதா? "கஞ்சி குடித்தாலும் சரி, நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கள்" என்று சொல்லும் மனைவி, தன் கணவனின் ஆத்துமத்தையும் அயலார் உயிரையும் ஒருங்கே காப்பாற்றுகிறாள்.

நாமும் தாள்களில் கையெழுத்திடுகிறோம். சம்பளத்துக்காக ஒரு வருமானமும், சலுகைக்காக வேறொரு வருமானமும் எழுதுகிறவன். லீவு வேண்டுமானால் காய்ச்சல் என்று சீட்டு வாங்குகிறவன். இவர்கள் விமானம் ஓட்டாவிட்டாலும் அதே வழியில்தான் போகிறார்கள். அநியாயமாய் வந்த பணம் பாவசங்கீர்த்தனத்தில் அழுதால் மட்டும் தீராது. இயன்றமட்டும் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பிறருக்கு அபாயம் விளைவிக்கும் வேலையானால், மனிதர் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் தானே விலகிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இரண்டு இலாகாக்கள் தங்கள் புத்தகங்களை ஒத்துப் பார்க்க வெகு காலம் சென்றது. சர்வேசுரனுக்கு அந்தச் சிரமமில்லை. அவருடைய சமுகத்தில் நம் ஒவ்வொருவருக்கும் ஒரே புத்தகந்தான். இங்கே நாம் எழுதுவது அங்கே எழுதப்பட்டிருப்பதோடு ஒத்திருக்கும்படி, சத்தியத்தை நேசிக்கும் வரத்தை இன்றைய பூசையில் மன்றாடிக் கேட்போமாக.

ஆமென்.