குறையோடு பிறக்கட்டும்

எழுத வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. எழுதி முடிப்பவர்கள் சிலர்தான். இடையில் தடையாக நிற்பது பெரும்பாலும் திறமைக் குறைவு அல்ல. முதல் வரியே சரியாக விழுந்துவிட வேண்டும் என்ற பிடிவாதம். ஒரு வாக்கியம் எழுதுவார்கள். பிடிக்காது, அடிப்பார்கள். இன்னொன்று எழுதுவார்கள், அதையும் அடிப்பார்கள். கடைசியில் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, 'எனக்கு எழுத வராது' என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்வார்கள்.

கேட்ட மாத்திரத்தில் கவி சொல்பவரைக் கொண்டாடி வளர்ந்தவர்கள் நாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொண்டதை உ.வே.சாமிநாதையர் வியப்போடு பதிவு செய்திருக்கிறார். அந்த வியப்பு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. இளமை முதல் பிள்ளை ஓயாமல் கற்று மனத்தில் ஏற்றிய நூல்களை நாம் கணக்கில் எடுப்பதில்லை. அச்சுப் புத்தகமும் நம்மை ஏமாற்றுகிறது. அடித்தல் திருத்தல் எதுவும் அதில் தெரிவதில்லை. பிறருடைய கடைசிப் படியையும் நம்முடைய முதல் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மனம் உடைகிறோம்.

சார்லஸ் டார்வினின் முதல் படி எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரியும். இயற்கைத் தேர்வு பற்றிய தன் கருத்தை 1842 ஜூனில் முதன்முதலாக 35 பக்கங்களில் எழுதிவைத்தார். மட்டமான தாள், மென்மையான பென்சில். பாதியில் நிற்கும் வாக்கியங்கள், வெறும் கிறுக்கலாக முடியும் சொற்கள். அவருடைய மனைவி எம்மா 1896-இல் இறந்த பிறகு, வீட்டைக் காலி செய்யும்போது, மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியில் அது அகப்பட்டது. மகன் பிரான்சிஸ் எழுத்துக் கூட்டிப் படித்து 1909-இல் அச்சிட்டார்.

அந்தக் கிறுக்கல்தான் 1844-இல் 230 பக்கங்களாக விரிந்தது. அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒரே மூலத்திலிருந்து வந்த உயிர்கள் காலப்போக்கில் ஏன் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் போகின்றன என்ற கேள்வியையே அவர் கவனிக்கத் தவறியிருந்தார். பல ஆண்டுகள் கழித்து, வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது விடை தோன்றியது. 'உயிரினங்களின் தோற்றம்' 1859-இல் வெளிவந்தது. அச்சுப்படியைப் பார்த்தபோதும் தன் நடை மோசமாக இருப்பதாக வருந்திப் பக்கம் பக்கமாகத் திருத்தினார். 1872-இல் ஆறாம் பதிப்பு வரும்வரை அந்தத் திருத்தம் ஓயவில்லை.

தன் எழுத்து முறையைப் பற்றித் தன்வரலாற்றில் டார்வின் மனம் திறந்து சொல்கிறார். எதையும் முதலில் தப்பாகவோ கோணலாகவோதான் தன்னால் சொல்ல முடிகிறது என்கிறார். முன்பெல்லாம் யோசித்து யோசித்து வாக்கியம் அமைத்தவர், பின்னாளில் பாதிச் சொற்களைச் சுருக்கி, மோசமான கையெழுத்தில் பக்கங்களை வேகமாக நிரப்பிவிட்டு, அப்புறம் நிதானமாகத் திருத்தத் தொடங்கினார். அப்படிக் கிறுக்கியவை பல சமயம் யோசித்து எழுதியவற்றைவிட நன்றாக அமைந்தன என்பது அவர் அனுபவம். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்கிறார். சொல்வதற்குப் பட்ட பாடுதான் ஒவ்வொரு வாக்கியத்தையும் உற்றுப் பார்க்க வைத்தது. அதனால் தன் வாதத்தில் இருந்த பிழைகளே கண்ணில் பட்டன என்கிறார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. முதல் படியின் குறையை மொழியின் குறை என்று நினைத்துக் கூசுகிறோம். பெரும்பாலும் அது எண்ணத்தின் குறை. மனத்துக்குள் இருக்கும்வரை எந்த எண்ணமும் முழுமையாகவே தோன்றும். அங்கே இடைவெளிகள் தெரிவதில்லை. 'ஆகையால்' என்று சொல்லத் தகுதியில்லாத இடத்திலும் மனம் எளிதாகத் தாவிவிடும். தாளில் இறங்கியவுடன் அந்தத் தாவல் அம்பலமாகிறது. நொண்டும் வாக்கியம், நாம் இன்னும் யோசித்து முடிக்காத இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. அதை எழுதாமல் தவிர்ப்பவர் பிழையைத் தவிர்ப்பதில்லை. பிழையைப் பார்க்கும் வாய்ப்பைத்தான் தவிர்க்கிறார்.

இப்படிச் சொல்வது மோசமான எழுத்துக்கு வக்காலத்து வாங்குவது ஆகாது. முதல் படியை ஏற்றுக்கொள்வது வேறு, அதோடு நின்றுவிடுவது வேறு. வாசகருக்கு நாம் தர வேண்டியது கடைசிப் படி. அதில் சலுகை கூடாது. ஆனால் முதல் படி வாசகருக்கானது அல்ல. அது நாம் நம்மோடு பேசிப் பார்ப்பது. அங்கே இலக்கணம் தடுமாறலாம், உவமை பொருந்தாமல் போகலாம், கருத்துகள் ஒன்றையொன்று மறுக்கலாம்.

ஆகவே, எழுத நினைப்பவரே, இன்று எழுத உட்கார்ந்தால் நடுவில் அடிக்காதீர்கள். கடைசி வரி வரை போய்விடுங்கள். மறுநாள் எடுத்துப் படித்து, எங்கே நொண்டுகிறதோ அங்கே நின்று, 'உண்மையில் நான் என்ன சொல்ல வந்தேன்?' என்று கேளுங்கள். உங்கள் எழுத்து அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.