நம்பிச் சொல்லப்பட்ட சொல்

வாழ்க்கைத் திறன் கல்வி என்ற பெயரில் இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படுவது, 1990களில் உலக சுகாதார நிறுவனம் தொகுத்தளித்த பத்துத் திறன்களைப் பெரிதும் அடியொற்றியது. தன்னை அறிதல், பிறர் நிலை உணர்தல், முடிவெடுத்தல், மன அழுத்தத்தையும் உணர்ச்சிகளையும் கையாளுதல் முதலியன அவற்றுள் அடங்கும். கணக்கு வகுப்பில் விடையைச் சொன்னால் போதுமானதாக இருக்க, இவ்வகுப்பிலோ மாணவர் தம்மைப் பற்றியே சொல்லுமாறு அழைக்கப்படுகிறார். அவ்வழைப்பை ஏற்று அவர் நம்பிச் சொன்னதை ஆசிரியர் தம்முள் காப்பதா, பெற்றோருக்கோ அதிகாரிகளுக்கோ தெரிவிப்பதா என்னும் அறச்சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

காக்க வேண்டும் என்பதற்கான நியாயம் வலுவானது. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட, 1992இல் இந்தியாவும் இணைந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்று ஒப்புகிறது. ஆசிரியர் ஓய்வறையில் தேநீருக்கிடையே இரக்கத்தோடு சொல்லப்பட்ட ஒரு வாக்கியம்கூட, சில நாள்களில் வகுப்பின் பின்வரிசையில் பட்டப்பெயராக மாறிவிடக்கூடும். அதன்பின் அம்மாணவர் வாய் திறப்பது அரிது. அதைக் கண்ட மற்றவர்களும் வாய் திறக்க மாட்டார்கள்.

தெரிவிக்க வேண்டும் என்பதற்கான நியாயமும் குறைந்ததன்று. பதினெட்டு வயது நிறையாதவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்படும்போதும் மௌனம் காப்பது, நம்பிக்கையைக் காப்பாற்றி நம்பியவரைக் கைவிடுவதாகவே முடியும்.

இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்டவையே மிகுதி. மதிப்பெண் குறைந்த அச்சம், நட்பில் நேர்ந்த பிளவு, வீட்டில் நடக்கும் சண்டை ஆகிய அனைத்தையும் பெற்றோர் காதில் போட்டுவிடுவது பொறுப்புணர்வு போலத் தோன்றினாலும், பல வேளைகளில் அது ஆசிரியர் தம் சுமையை இறக்கிவைக்கும் வழியே ஆகும். துன்பத்தின் ஊற்று வீடாகவே இருக்குமாயின், அங்குச் சொல்லப்படும் சொல் அன்று மாலையே அடியாகத் திரும்பவும் கூடும். பெற்றோரின் உரிமை மறுக்கத்தக்கதன்று; எனினும் அது குழந்தையின் நலனைக் காப்பதற்காக அமைந்த உரிமையாதலால், அந்நலனுக்கு எதிராக அதைப் பயன்படுத்த இயலாது.

எனவே அறத்தின் முதற்கடமை, மாணவர் பேசத் தொடங்குமுன்பே நிறைவேற்றப்பட வேண்டியதாகிறது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற எல்லையற்ற வாக்குறுதி, கேட்பவரால் காப்பாற்ற முடியாததாகையால், கனிவுடன் சொல்லப்பட்டாலும் பொய்யே. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றாலோ, தெரிவிக்கச் சட்டம் கடமையாக்கும் குற்றம் என்றாலோ மட்டும் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்ல நேரும், மற்றவை வெளியே போகா என்று முன்கூட்டியே விளக்குவதே நேர்மை. நேரில் பேசத் தயங்கும் மாணவர் தம் குறைகளை எழுதிப் போடத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டியில் பெயரின்றி மடித்துப் போடப்படும் தாள், எழுதியவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அவரிடம் திரும்ப ஒரு கேள்வி கேட்க வழியில்லாமற்போகிறது. ஆகவே பெட்டி எவ்வளவு தேவையானாலும், எல்லை அறிந்து கேட்கும் ஒரு மனிதருக்கு ஈடாகாது.

சொல்லியே தீர வேண்டிய நிலையிலும், யாரிடம் முதலில் சொல்வது, எச்சொற்களில் சொல்வது, அப்போது மாணவரும் உடனிருப்பதா என்பவற்றை இயன்றவரை அவரோடு கலந்தே தீர்மானிக்க வேண்டும். முடிவெடுக்கும் திறனைக் காலையில் பாடமாக நடத்திவிட்டு, மாலையில் அவர் அறியாமலே அவருடைய செய்தியை வேறொருவரிடம் கையளிக்கும் பள்ளி, தான் கற்பித்ததைத் தானே மறுத்ததாகிறது.