விருந்தாளியின் மூன்று நாள்



2017 ஆகஸ்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் தஞ்சம் புகுந்த இடம், வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார். அங்கே முகாமில் ஊதியமின்றி வைத்தியம் பார்க்கும் நம்மூர் மருத்துவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உம்மாவும் வாப்பாவும் என்னைப் பார்க்க வருகிறார்கள் ஹஜ்ரத். நான் விடுப்பு எடுத்தால், ஊருக்குப் போகவிருந்த உள்ளூர் டாக்டர் தங்க வேண்டிவரும். கூடுமா?"

'உம்மாவைவிட நோயாளிதான் முக்கியம்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. போருக்குச் செல்ல அனுமதி கேட்டவரையே, பெற்றோருக்குப் பணிவிடை செய்யும்படி திருப்பி அனுப்பினார்கள் நபி (ஸல்) அவர்கள். விருந்தாளிக்கு மூன்று நாள் உபசரிப்பு என்றும் சொன்னார்கள். அதற்கு மேல் செய்வது தர்மம். இரண்டும் புகாரியில் உள்ளவை.

ஆனால் அந்த மூன்று நாளை யாரிடமிருந்து எடுக்கிறோம்? உள்ளூர் டாக்டருக்கும் ஓர் உம்மா இருக்கிறார். போன பெருநாளிலும் அவர்தான் வேலை பார்த்தாராம். நம் பங்கிலிருந்து விருந்து வைக்கலாம், அடுத்தவர் பங்கிலிருந்து வைக்க முடியுமா?

நான் சொன்னேன்: "தொழுகையை வாப்பாவோடு தொழுங்கள். பகலில் வேலைக்குப் போங்கள், இரவு அவர்களோடு இருங்கள். அவர் திரும்பியதும் மூன்று நாள் விடுப்பு எடுங்கள். இதை உம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், வந்தபின் சொன்னால் மனம் நோகும். முகாமைச் சுற்றிக்காட்டக் கேட்டால் மட்டும் வேண்டாம், அது வேடிக்கை பார்க்கும் இடமல்ல."

சொன்னாராம். உம்மா கொஞ்சநேரம் பேசவில்லையாம். பிறகு, "அந்த டாக்டரோட உம்மாவுக்கும் சேர்த்துப் பலகாரம் கொண்டு வர்றேன்" என்றாராம்.