மணல் தூவும் மனிதன்

டார்ம்ஸ்டாட்டில் எங்கள் முதல் வீட்டுக்குக் கதிரை வருமுன்னரே தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டது. யாரோ கழித்துத் தெருவோரம் வைத்த பெட்டி. ஒருவருக்கு உணவகத்துச் சமையலறை, மற்றவருக்குத் துப்புரவு வேலை. வீட்டில் இருந்தவர் களைத்துத் தூங்கினார். பிள்ளையைப் பெட்டி பார்த்துக்கொண்டது.

சில வருடங்களில் பிள்ளை டொச்சில் கனவு கண்டது. 'ரீவி எங்கள் பிள்ளைகளின் தமிழைப் பறித்துவிட்டது' என்று ஒன்றுகூடல்களில் நாங்களும் குறைபட்டோம். அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதா?

1997 ஜனவரி 1ஆம் திகதி, ஜேர்மனியின் பொது ஒளிபரப்பு நிறுவனங்களான ஏ.ஆர்.டி.யும் இசட்.டி.எஃப்.பும் சேர்ந்து சிறுவர்களுக்கென்றே ஓர் அலைவரிசையைத் தொடங்கின. 'கிண்டர்கனால்' என்பது பெயர். பின்னர் 'கிக்கா' என்றாயிற்று. தலைமையகம் முன்னாள் கிழக்கு ஜேர்மனியின் எர்பூர்ட் நகரில். சுப்பர் ஆர்.டி.எல். என்ற தனியார் அலைவரிசை 1995இலேயே விளம்பரங்களோடு பிள்ளைகளிடம் வந்திருந்தது. கிக்காவில் விளம்பரம் இல்லை. பிள்ளை இல்லாதவரும் கட்டும் ஒளிபரப்புக் கட்டணத்தில் அது நடக்கிறது. வேலை கிடைத்தபின் நாங்களும் கட்டினோம். பிள்ளையை உறங்கவைப்பதைக்கூட ஒரு சமூகம் தன் பொதுக்கடனாக எடுத்துக்கொண்டிருந்தது.

ஆறு ஐம்பதுக்கு அதில் மணல்மனிதன் வருவான். வெண்தாடி வைத்த சிறு பொம்மை. கதை முடிந்ததும் மணல் தூவிக் கண்ணயர வைப்பான். அவனுக்கும் ஒரு அரசியல் கதை உண்டு. மேற்கில் அப்படியொரு நிகழ்ச்சி தயாராகிறது என்று அறிந்த கிழக்கு ஜேர்மனி, அவசர அவசரமாகத் தன்னுடையதை 1959 நவம்பர் 22ஆம் திகதி ஒளிபரப்பியது. ஒன்பது நாள் கழித்து மேற்கினுடையது வந்தது. பிள்ளைகளின் தூக்கத்துக்கும் இரண்டு அரசுகள் போட்டியிட்டன. 1989இல் மேற்கின் மணல்மனிதன் நின்றுபோனான். அடுத்த வருடம் கிழக்கு ஜேர்மனி என்ற நாடே இல்லாமற் போனது. 1991 முடிவில் அதன் தொலைக்காட்சியும் மூடப்பட்டது. ஆனால் மக்கள் விடவில்லை, பொம்மை தப்பிவிட்டது.

நாட்டை விட்டு வந்த எங்களை இது நெடுநாள் யோசிக்க வைத்தது. கொடியும் கோஷமும் மதிலும் போய்விட, பொம்மை எப்படி நின்றது? அது ஒவ்வொரு மாலையும் சொன்ன நேரத்துக்கு வந்தது. அவ்வளவுதான்.

நாங்கள் பிள்ளைகளுக்கு இழந்த ஊரைப் பற்றிச் சொன்னோம், போரைப் பற்றிச் சொன்னோம், மொழியின் பெருமை சொன்னோம். எல்லாம் பெரிய சொற்கள், எப்போதாவது சொன்னவை. எங்களுக்கு இலங்கை வானொலியின் 'சிறுவர் மலர்' இருந்தது. அதை அணைத்தபின் கதை சொல்ல ஓர் அம்மம்மாவும் இருந்தா. எங்கள் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. எந்த மொழியில் நாங்கள் ஒரு பிள்ளையை உறங்கவைக்கவில்லையோ, அந்த மொழியை அதனிடம் உரிமையோடு கேட்கலாமா?

களைப்பு குற்றமல்ல. விசா நீடிக்குமா என்ற பயத்தோடு இரண்டு வேலை செய்தவர்களை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் காரணம் நியாயமானது என்பதற்காகக் கடன் கழிந்துவிடாது. அந்தக் கடனைப் பெட்டியின் தலையில் கட்டியதுதான் எங்கள் பிழை.

இப்போது பேரப்பிள்ளை வந்தால் மணல்மனிதனைச் சேர்ந்தே பார்க்கிறோம். அவன் போனதும் பெட்டியை அணைத்துவிட்டு, எங்களுக்குத் தெரிந்த ஒரு நரிக்கதையைத் தொடங்குகிறோம். பிள்ளைக்குப் பாதிதான் விளங்குகிறது. மீதிப் பாதிக்குள் உறங்கிவிடுகிறது. நாளைக்கும் அதே நேரத்துக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.